ஊருக்கு வரும் மாணவரும் ஊராட்சியின் கடமையும்

ஆண்டுதோறும் நம் கிராமங்களுக்குக் கல்லூரி மாணவர்கள் வந்து தங்குகின்றனர். பள்ளிக் கட்டடத்திலோ சமுதாயக் கூடத்திலோ ஏழு நாட்கள் இருந்து, தெருக்களைத் துப்புரவு செய்கின்றனர், மரக்கன்றுகள் நடுகின்றனர், வீடு வீடாகச் சென்று வினாத்தாள்களில் விவரங்களை எழுதிக்கொள்கின்றனர், மாலை வேளைகளில் கலை நிகழ்ச்சிகள் நடத்துகின்றனர். எட்டாம் நாள் காலையில் பேருந்து வந்து நிற்கிறது. மாணவர்கள் கையசைத்து விடைபெறுகின்றனர். அவர்கள் சென்ற பின்னர் ஊரில் எஞ்சி நிற்பது என்ன? அவர்கள் உள்ளத்தில் எஞ்சி நிற்பது என்ன?

இவ்விரண்டும் வேறு வேறு வினாக்கள் போலத் தோன்றலாம். உண்மையில் அவை ஒன்றோடொன்று பிணைந்தவை. ஊருக்கு நிலையான பயன் தராத முகாம், மாணவருக்கும் நிலையான பயன் தருவதில்லை. “நான் செய்த வேலை ஒருவருக்கு வேண்டியதாக இருந்தது” என்று உணர்கின்ற மாணவனே தன் கல்லூரியையும் தன் நாட்டையும் தனது என்று கருதத் தொடங்குகிறான். இவ்வுணர்ச்சியை வளர்ப்பதில் பல்கலைக் கழகத்திற்கு எவ்வளவு பொறுப்பு உண்டோ, ஏறக்குறைய அவ்வளவு பொறுப்பு மாணவரை வரவேற்கும் ஊராட்சிக்கும் உண்டு. அஃது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பல்கலைக் கழகத்தின் கடன்

சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று பல்கலைக் கழகங்களும் 1857ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றன. இலண்டன் பல்கலைக் கழகத்தின் அமைப்பே அவற்றிற்கு முன்மாதிரி. தொடக்கத்தில் அவற்றின் தலையாய வேலை, பரீட்சை நடத்திப் பட்டம் அளிப்பதாகவே இருந்தது. பாடம் நடந்தது கல்லூரியில். பரீட்சை நடத்தியது பல்கலைக் கழகம். கிராமமோ இரண்டிற்கும் அப்பால் நின்றது. கிராமத்துப் பிள்ளை படித்துப் பட்டம் பெற்றால் நகரத்திலேயே தங்கிவிடுவான் என்பது அந்நாளில் யாவரும் ஏற்றுக்கொண்ட வழக்கமாயிற்று.

ஆனால் பல்கலைக் கழகம் மக்கள் பணத்தால் நடைபெறும் நிறுவனம். உழவர் வாங்கும் ஒவ்வொரு பொருளிலும் வரி அடங்கியிருக்கிறது. அவ்வரியில் ஒரு பகுதி கல்விக்குச் செல்கிறது. தம் வீட்டில் ஒருவரும் கல்லூரி வாயிலை மிதிக்காத குடும்பத்தினரும் கல்லூரிக்குப் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றனர். ஆகவே பல்கலைக் கழகம் கிராமத்திற்குச் செய்வதனைத் தருமம் என்று சொல்லுதல் பொருந்தாது. அது கடனைத் திருப்பிச் செலுத்துதலே ஆகும்.

நாடு விடுதலை பெற்றதும் இக்கருத்து வலுப்பெற்றது. டாக்டர் எஸ். இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948ஆம் ஆண்டில் பல்கலைக் கழகக் கல்விக் குழு அமைந்தது. அப்பொழுது சென்னைப் பல்கலைக் கழகத் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஏ. இலட்சுமணசுவாமி முதலியாரும் அதன் உறுப்பினருள் ஒருவர். கிராமங்களுக்கென்றே தனிப் பல்கலைக் கழகங்கள் வேண்டும் என்று அக்குழு எடுத்துரைத்தது. மாணவர்கள் விருப்பத்தோடு நாட்டுப் பணியில் ஈடுபட வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. அப்பணியால் இரு நன்மைகள் விளையும் என்பது அக்குழுவின் கருத்து: மாணவருக்கும் ஆசிரியருக்கும் இடையே நல்லுறவு தோன்றும், கல்லூரிக்கும் மக்களுக்கும் இடையே பாலம் அமையும். மாணவரின் உள்ளத்தையும் ஊரின் நலத்தையும் ஒரே பணியால் வளர்க்க முடியும் என்பதை அன்றே அப்பெரியோர் கண்டனர்.

வங்காளத்தில் ஒரு முன்னோடி

இத்தகைய முயற்சிக்குப் பழையதொரு எடுத்துக்காட்டு உண்டு. கவியரசர் இரவீந்திரநாத் தாகூர் வங்காளத்தில், வீர்பூம் மாவட்டத்துச் சாந்திநிகேதனத்தில் 1921ஆம் ஆண்டில் விசுவபாரதியை நிறுவினார். அதற்கு அடுத்த ஆண்டே, சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள சுருல் என்னும் இடத்தில் கிராமப் புனரமைப்பு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அதுவே பின்னர்ச் சீனிகேதனம் என்று பெயர் பெற்றது. தம் மகன் இரதீந்திரநாதரை 1906ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் உள்ள இல்லினாய் பல்கலைக் கழகத்திற்கு அனுப்பி வேளாண்மை கற்கச் செய்தவர் தாகூர். ஆதலால் இம்முயற்சி திடீரென்று தோன்றிய ஆசையன்று. நெடுநாள் எண்ணத்தின் விளைவேயாம்.

சுருல் பணிக்குப் பொறுப்பேற்றவர் லியனார்டு எல்ம்ஹர்ஸ்ட் என்னும் ஆங்கிலேயர். அவர் கார்னெல் பல்கலைக் கழகத்தில் வேளாண்மை பயின்றவர். சாந்திநிகேதனத்து மாணவர் சிலரையும் உடன் அழைத்துக்கொண்டு அவர் சுருலில் குடியேறினார். வந்தவுடன் அவர்கள் ஊராருக்கு உபதேசம் செய்யத் தொடங்கவில்லை. சுற்றுப்புறக் கிராமங்கள் நலிந்ததற்குக் காரணம் என்ன என்று முதலில் ஆராய்ந்தனர். எல்ம்ஹர்ஸ்ட் கண்ட காரணங்கள் மூன்று: குரங்குகள், மலேரியாக் காய்ச்சல், ஒருவர்மீது ஒருவர் கொண்ட அவநம்பிக்கை. குரங்குகள் பயிரை அழித்தன. காய்ச்சல் உடலை வாட்டியது. அவநம்பிக்கையோ, முதலிரண்டையும் ஊரார் ஒன்றுகூடி எதிர்க்க முடியாதபடி தடுத்தது.

இம்மூன்றனுள் மூன்றாவதே கொடியது என்பதை நம் ஊராட்சி உறுப்பினர்கள் சொல்லாமலே அறிவர். வாய்க்கால் தூர்ந்து கிடப்பதற்குப் பல வேளைகளில் காரணம் மண் அன்று. இக்கரையாருக்கும் அக்கரையாருக்கும் உள்ள பிணக்கே. சீனிகேதனத்தார் இதற்கு ஒரு வழி கண்டனர். கிராமத்துச் சிறுவர்களைச் சாரணர் முறையில் ஒன்றுசேர்த்து ‘விரதி பாலகர்’ என்னும் அணிகளை அமைத்தனர். சிறுவர் கூடிச் செய்த பணியைக் கண்டு பெரியோரும் கூடினர். பின்னர் அங்கே கூட்டுறவு முறையில் கிராம நலவாழ்வுச் சங்கங்களும் தோன்றின. நோய்க்குச் சிகிச்சை பெறவும் நோய் வருமுன் காக்கவும் ஊராரே பங்குப் பணம் செலுத்தி நடத்திய சங்கங்கள் அவை. ஏர் உழுதலையும் மரம் நடுதலையும் பல்கலைக் கழக விழாக்களாக 1928ஆம் ஆண்டு முதல் தாகூர் கொண்டாடச் செய்தார். உழவு கற்றோர் வணங்கும் தொழிலாயிற்று.

தமிழ்நாட்டில் காந்திகிராமம்

சாந்திநிகேதனத்தில் பயின்றவர்களுள் ஒருவர் ஜி. இராமச்சந்திரன். அவரும் அவர் துணைவியார் டாக்டர் டி. எஸ். செளந்தரமும் சேர்ந்து, திண்டுக்கல்லுக்கு அருகில், சின்னாளப்பட்டியை ஒட்டி, 1947ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் காந்திகிராமத்தை நிறுவினர். செளந்தரம் அம்மையார் மருத்துவர். ஆதலால் பணி மருத்துவத்திலும் தாய்சேய் நலத்திலும் தொடங்கிக் கல்வியாக விரிந்தது. கிராமிய உயர்கல்விக்கு மத்திய அரசு வகுத்த திட்டத்தின்படி 1956ஆம் ஆண்டில் அங்குக் கிராமிய நிறுவனம் ஏற்பட்டது. 1976ஆம் ஆண்டில் அது பல்கலைக் கழகத் தகுதி பெற்றது.

காந்திகிராமத்தின் சிறப்பு, கற்பித்தல், ஆராய்ச்சி என்னும் இரண்டோடு விரிவாக்கப் பணியையும் மூன்றாவது கடமையாகச் சமநிலையில் வைத்ததாகும். மாணவர்கள் கிராமங்களில் சென்று தங்கி ஊராரோடு கலந்து வாழ்தல் அங்குப் படிப்பின் ஒரு பகுதியாக அமைந்தது. படிப்பு முடிந்த பின் செய்யும் ஓய்வுநேர வேலையாக அதனை அவர்கள் கருதவில்லை. பல ஆண்டுகளாக அதே கிராமங்களோடு அவர்கள் உறவு தொடர்ந்தது. ஆண்டுக்கு ஓர் ஊர் என்று மாறிக்கொண்டே சென்றால் எந்த ஊரும் தம் ஊராவதில்லை.

இன்றுள்ள திட்டங்கள்

காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24ஆம் நாள், நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்றது. முதலில் 37 பல்கலைக் கழகங்களில் 40,000 மாணவர்கள் இதில் சேர்ந்தனர். இன்று அவ்வெண்ணிக்கை பல இலட்சமாகப் பெருகியுள்ளது. இதில் சேரும் மாணவர் ஆண்டிற்கு 120 மணி நேரமாக, இரண்டாண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்தல் வேண்டும். அதோடு, தத்தெடுத்த ஊரில் ஏழு நாட்கள் சிறப்பு முகாமிலும் பங்கு பெறல் வேண்டும். ‘நானன்று, நீ’ என்னும் பொருளுடையது இத்திட்டத்தின் குறிக்கோள் வாசகம்.

வேளாண்மைப் பட்டப் படிப்பில் இறுதி ஆண்டு மாணவர்கள் கிராமங்களில் தங்கி உழவரோடு பழகும் கிராமப்புற வேளாண் பணி அனுபவத் திட்டத்தை நம் உழவர் பலர் நேரில் கண்டிருப்பர். 2014ஆம் ஆண்டில் மத்திய அரசு ‘உன்னத பாரத இயக்கம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. இதில் சேரும் உயர்கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் குறைந்தது 5 கிராமங்களைத் தத்தெடுத்து, அவற்றின் சிக்கல்களுக்குத் தன் அறிவைப் பயன்படுத்த வேண்டும். சமுதாயப் பொறுப்பையும் மக்களோடு கொள்ளும் தொடர்பையும் பாடத்திட்டத்திலேயே சேர்த்து, அதற்கு மதிப்பெண் அளவையும் வழங்க வேண்டும் என்று பல்கலைக் கழக மானியக் குழு பின்னர் வழிகாட்டியுள்ளது. ஆகவே மாணவர்கள் நம் ஊருக்கு வருவது இனி நம் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று, அவர்கள் வருவர். அவ்வருகையை நாம் எவ்வாறு பயன்படுத்துகிறோம் என்பதே வினா.

“இது என் இடம்” என்னும் உணர்ச்சி

இனி மாணவரின் உள்ளத்தை நோக்குவோம். நம் ஊரிலிருந்து ஒரு பெண் முதல் பட்டதாரிச் சான்று வாங்கிக்கொண்டு கல்லூரிக்குச் செல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் வீட்டில் கல்லூரியைக் கண்டவர் ஒருவருமில்லை. வகுப்பில் ஆங்கிலத்தில் விரைந்து பேசுகின்றனர். உடன் பயிலும் சிலர் கையில் விலையுயர்ந்த பொருள்கள் இருக்கின்றன. ஐயம் கேட்க அவளுக்கு நா எழவில்லை. முதல் தேர்வில் மதிப்பெண் குறைந்ததும், “இது எனக்கு ஏற்ற இடம் அன்று போலும்” என்று எண்ணுகிறாள். அறிவுக் குறைவு அவளுக்கு இல்லை. தனக்கு அங்கே இடம் உண்டு என்னும் உறுதி இல்லை. படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பும் பிள்ளைகளுள் எத்தனை பேர் இக்காரணத்தால் திரும்புகின்றனர் என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பணமில்லாமை வெளியே தெரியும். இக்குறை வெளியே தெரியாது.

இதனைக் குறித்து அமெரிக்காவில் கிரெகரி வால்ட்டன், ஜெஃப்ரி கோகன் என்னும் உளநூல் அறிஞர் இருவர் நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2011ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவரிடம், “தொடக்கத்தில் எல்லா மாணவருக்கும் இத்தகைய தயக்கம் உண்டு, நாளடைவில் அது நீங்கும்” என்பதை மூத்த மாணவரின் அனுபவங்களைக் கொண்டு அவர்கள் விளக்கினர். பின்னர் அப்புதிய மாணவரையே தம் அனுபவத்தைக் கட்டுரையாக எழுதிப் பேசிப் பதிவு செய்யச் சொல்லி, “உங்களுக்குப் பின் வருவோருக்கு இது துணையாகும்” என்றனர். ஒரு மணி நேரம் அளவே நடந்த பயிற்சி இது. ஆயினும், சிறுபான்மையினராய்ப் பயின்ற கறுப்பின மாணவரின் தேர்ச்சி அடுத்த மூன்றாண்டுகளில் உயர்ந்தது; அவர்களுக்கும் வெள்ளை மாணவருக்கும் இடையே இருந்த மதிப்பெண் வேறுபாடு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

இதில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்று உண்டு. அம்மாணவரை உதவி பெறுவோராக மட்டும் அவ்வறிஞர் வைக்கவில்லை. பிறருக்கு உதவி தருவோராகவும் ஆக்கினர். ஓரிடத்தில் வாங்கிக்கொண்டே இருப்பவன் அங்கே விருந்தாளி. அவ்விடத்திற்குக் கொடுக்கத் தொடங்குகிறவனே அங்கே உரிமையாளன். குடும்பத்தில் நாம் காண்பதும் இதுவே. வீட்டு வேலையில் பங்கு கொள்ளும் பிள்ளைக்கு வீட்டின்மீது பற்று தானே வளர்கிறது.

கிராம முகாமில் இந்நன்மை இயல்பாகவே அமைகிறது. வகுப்பில் கடைசி இருக்கையில் பேசாமல் அமர்ந்திருந்த அப்பெண், ஊருக்கு வந்ததும் வேறொருத்தியாகிறாள். பாட்டியரிடம் எவ்வாறு பேச வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். மடையைத் திறக்கும் முறையும் அடைக்கும் முறையும் தெரியும். நாற்றங்காலைப் பார்த்த மாத்திரத்தில் நாற்றின் வயது தெரியும். நகரத்து மாணவர் அவளிடம் கேட்டுக் கற்கின்றனர். ஏழு நாட்கள் அவளே ஆசிரியை. திரும்பிச் சென்று வகுப்பில் அமரும்போது பழைய தயக்கம் அவளிடம் அவ்வளவாக இருப்பதில்லை.

ஆனால் இதற்கு மாறாகவும் நடக்கலாம். “அறியாமையில் உள்ள மக்களுக்கு அறிவூட்ட வந்தோம்” என்று மேடையில் முழங்கும் முகாமில், கிராமத்துப் பிள்ளையின் நிலை யாது? தன் தாயையும் தந்தையையும் அறிவிலிகள் என்று பிறர் சொல்ல, அவள் கைதட்ட வேண்டியிருக்கிறது. அவள் கல்லூரிக்கும் அந்நியமாகிறாள். பிறந்த ஊருக்கும் அந்நியமாகிறாள். இத்தகைய முகாம் நடவாமலிருத்தலே நன்று.

குறைகள் எங்கே நேர்கின்றன?

குறைகள் பெரும்பாலும் நான்கு வகையின. முதலாவது, ஊரைக் கேளாமல் வேலையைத் தீர்மானித்தல். ஊரின் தேவை வாய்க்கால் தூர் வாருதலாக இருக்கும். நடப்பதோ ஏற்கெனவே துப்புரவாக உள்ள கோயில் தெருவைப் பெருக்குதல். இரண்டாவது, தொடர்ச்சியின்மை. கோடையின் வாயிலில் நட்ட கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று ஒருவரும் கேட்பதில்லை. அடுத்த ஆண்டு அதே குழியில் வேறொரு கன்று நடப்படுகிறது. மூன்றாவது, விவரங்களை எடுத்துச் சென்று திருப்பித் தராமை. வீடு வீடாகக் கேட்ட செய்திகள் மாணவரின் ஏட்டில் அடங்கி மதிப்பெண் பெறுகின்றன; ஊருக்கு ஒரு தாளும் வருவதில்லை. நான்காவது, ஊரார் ஒதுங்கி நிற்றல். மாணவர் மண் சுமக்க, ஊர் இளைஞர் திண்ணையில் அமர்ந்து பார்ப்பது சிரமதானம் ஆகாது.

முதல் மூன்றிற்கும் கல்லூரியே பெரிதும் பொறுப்பு. நான்காவது நம் பொறுப்பு. ஆயினும் முதல் மூன்றையும் தடுக்கும் ஆற்றல் ஊராட்சிக்கு உண்டு என்பதை மறத்தலாகாது. வரவேற்பவருக்குக் கேட்கும் உரிமை உண்டு.

ஊராட்சி செய்யத்தக்கவை

மாணவர் வருமுன்: முகாமிற்கு ஒரு மாதம் முன்பே கல்லூரித் திட்ட அலுவலரையும் மாணவர் இருவர் மூவரையும் ஊருக்கு அழைத்து, எல்லாத் தெருக்களையும் சுற்றிக் காட்டுக. ஊர்த் தேவைகளைப் பட்டியலிட்டு, ஏழு நாட்களில் முடியத்தக்க ஒன்றையும் பல ஆண்டுகள் தொடரத்தக்க ஒன்றையும் தேர்ந்தெடுக்க. மூன்றாண்டுகளேனும் அதே கல்லூரி வருமாறு பேசி முடிவு செய்க.

முகாம் நடக்கும்போது: மாணவர் பத்துப் பேருக்கு ஊர் இளைஞர் ஐவரேனும் உடன் வேலை செய்தல் வேண்டும். ஒவ்வொரு மாலையும் ஒரு மணி நேரம், ஊரில் உள்ள அனுபவசாலிகள் மாணவருக்குப் பாடம் சொல்லட்டும். ஏரி மதகின் வரலாறு, பழைய நெல் வகைகள், மாட்டு நோய்க்குரிய அறிகுறிகள் ஆகியவற்றை அறிந்தவர்கள் எந்த ஊரிலும் உண்டு. கற்பித்தல் இரு திசையிலும் நிகழ்தல் நலம்.

முகாம் முடிந்த பின்: மாணவர் திரட்டிய விவரங்களின் படி ஒன்றை ஊராட்சி அலுவலகத்தில் பெற்று வைத்துக்கொள்க. தமிழ்நாட்டில் ஆண்டிற்கு ஆறு நாட்கள், அதாவது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுவதற்கு ஏற்பாடு உள்ளது. முகாமை அடுத்து வரும் கிராம சபையில் மாணவர் இருவர் வந்து தம் அறிக்கையை ஊரார் முன் படிக்கச் செய்க. தாம் எழுதியது ஊர் மன்றத்தில் படிக்கப்படும் என்று அறிந்த மாணவர், அதனைப் பொறுப்போடு எழுதுவர்.

செயலுக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள்

முதலாவது, கிணற்று நீர்மட்டக் கணக்கு. இதற்கு வேண்டியது, அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு இட்ட கயிறு, அதன் நுனியில் கட்டச் சிறிய எடை, ஒரு மீட்டர் அளவுகோல், ஒரு குறிப்பேடு ஆகியவையே. மோட்டார் ஓடத் தொடங்குமுன் அதிகாலையில் அளத்தல் வேண்டும். கைப்பிடிச் சுவரின் மேல் விளிம்பிலிருந்து நீர் வரை உள்ள ஆழத்தை அளந்து, அதிலிருந்து சுவரின் உயரத்தைக் கழித்தால், தரையிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பது கிடைக்கும். விளிம்பிலிருந்து 9.50 மீட்டர், சுவரின் உயரம் 0.75 மீட்டர் எனின், நீர்மட்டம் 8.75 மீட்டர் ஆழம். கிணற்றுக்கு ஓர் எண் கொடுத்து, தேதியோடு எழுதுக. மாணவர் இருவர் ஒரு காலைப் பொழுதில் பல கிணறுகளை அளந்துவிடலாம்.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளை ஆண்டில் ஜனவரி, மே, ஆகஸ்டு, நவம்பர் ஆகிய நான்கு மாதங்களில் அளக்கிறது. நாமும் அம்மாதங்களையே கொள்ளலாம். முகாமில் மாணவர் தொடங்கி வைப்பர். மற்ற மாதங்களில் உள்ளூர் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் அளந்து தொடர்வர். மூன்றாண்டுகளில் எந்தப் பக்கத்துக் கிணறுகள் விரைவாக வற்றுகின்றன, தூர் வாரிய குளத்தை ஒட்டிய கிணறுகளில் நீர் ஏறியதா என்பன ஐயமின்றி விளங்கும். அடுத்து எந்தக் குளத்தைத் தூர் வாருவது என்னும் வழக்கு எழும்போது, உரத்த குரல் தீர்மானிக்கும் நிலை மாறி, கணக்கு தீர்மானிக்கும். ஊரில் அவநம்பிக்கை குறைய இதுவும் ஒரு வழி.

இரண்டாவது, மண் மாதிரி எடுத்தல். வயலில் வளைந்து வளைந்து நடந்து 10 முதல் 15 இடங்களைக் குறித்துக்கொண்டு, மேற்பரப்பில் உள்ள சருகை நீக்கி, ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழம் குழி வெட்டி, அதன் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாக மண்ணைச் சீவி எடுத்தல் வேண்டும். வரப்போரம், மரநிழல், எருக்குவித்த இடம், அண்மையில் உரமிட்ட இடம் ஆகியவற்றைத் தவிர்க்க. எல்லா இடத்து மண்ணையும் ஒன்றாகக் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிர் எதிரான இரு பகுதிகளை நீக்குக. அரைக் கிலோ எஞ்சும் வரை இவ்வாறே செய்து, நிழலில் உலர்த்தி, உழவர் பெயரும் புல எண்ணும் எழுதிய சீட்டோடு பரிசோதனை நிலையத்திற்கு அனுப்புக. முடிவு வந்ததும் அதே மாணவர் அதே உழவரைச் சந்தித்து விளக்குதல் வேண்டும். இந்த இரண்டாம் வருகையே முதன்மையானது. முதல் முறை மண்ணை எடுத்துச் செல்ல வந்தவர், இரண்டாம் முறை உறவினராக வருகிறார்.

சில எச்சரிக்கைகள்

முகாம் ஊரில் ஒரு பகுதியாருக்கு மட்டும் உரியதாகிவிடக் கூடாது. ஆதிதிராவிடர் குடியிருப்பிலும் பணி நடைபெற வேண்டும். அங்குள்ள பெரியோரும் பாடம் சொல்ல வேண்டும். எல்லோரும் ஒரே பந்தியில் உண்ண வேண்டும். மாணவருள் எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் இருப்பர். “நீ யார் வீட்டுப் பிள்ளை?” என்று சாதி அறியும் நோக்கத்தோடு கேட்கும் ஒரு கேள்வி, ஏழு நாள் அன்பையும் அழித்துவிடும். தன்னை நாட்டுக்கு உரியவன் என்று எண்ணி வந்த பிள்ளை, அக்கேள்விக்குப் பின் எங்கும் உரியவனாக இல்லாமல் திரும்புவான்.

பெண் மாணவருக்குத் தாழிடும் வசதியுள்ள தங்கும் இடமும், தண்ணீர் வசதியுள்ள கழிப்பறையும், இரவில் விளக்கும் இன்றியமையாதவை. மகளிர் சுய உதவிக் குழுவினர் இப்பொறுப்பை ஏற்றால் நன்கு நடைபெறும். முதலுதவிப் பெட்டியும், அருகில் உள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்தோடு தொடர்பும் இருக்கட்டும். கிணறுகளை அளக்கும்போது சுவர் இல்லாத கிணற்றை அணுகாமல், ஊர்க்காரர் ஒருவர் துணையோடு செல்லுதல் வேண்டும்.

கல்லூரியாருக்கும் ஒரு சொல். மாணவரின் பணிக்கு மதிப்பெண் தரும்போது, செய்தித்தாளில் வெளிவந்த படங்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டா, ஊராரிடம் கேளுங்கள். “அடுத்த ஆண்டும் இப்பிள்ளைகளே வர வேண்டும்” என்று ஊரார் சொன்னால் அதனினும் உயர்ந்த சான்று வேறில்லை.

ஊராட்சிக் கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நம் ஊரில் கடந்த மூன்றாண்டுகளில் நடந்த முகாம்கள் எத்தனை? அவற்றின் பயனாக இன்று கண்ணுக்குத் தெரிவது எது?

2. அம்முகாம்களில் திரட்டிய விவரங்களின் படி நம் அலுவலகத்தில் உள்ளதா? இல்லையெனில் அதனைக் கேட்டுப் பெற எவர் பொறுப்பேற்பார்?

3. மாணவருக்குக் கற்பிக்கத்தக்க அனுபவமுள்ளோர் நம் ஊரில் யார் யார்? அவர்களுள் பெண்கள் எத்தனை பேர்?

4. நம் ஊரிலிருந்து இப்பொழுது கல்லூரியில் பயிலும் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களை ஆண்டிற்கு ஒருமுறையேனும் கிராம சபைக்கு அழைத்து, அவர்கள் சொல்வதை நாம் கேட்டதுண்டா?

5. பாதியில் படிப்பை விட்டுத் திரும்பிய பிள்ளைகள் உண்டா? பணமின்மை தவிர வேறு காரணம் உண்டா என்று அவர்களிடம் அன்போடு விசாரித்தவர் உண்டா?

முடிவுரை

பல்கலைக் கழகம் ஊரைத் தத்தெடுக்கிறது என்று நாம் சொல்கிறோம். ஒரு வகையில் ஊரும் பல்கலைக் கழகத்தைத் தத்தெடுத்தல் வேண்டும். எங்கோ பிறந்து, எங்கோ படித்து, ஏழு நாட்கள் நம்மிடம் தங்க வரும் பிள்ளை யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை. நம் பிள்ளையும் இதே நாளில் வேறோர் ஊரின் பள்ளிக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும். அங்குள்ளோர் அதனை எவ்வாறு நடத்த வேண்டும் என்று நாம் விரும்புகிறோமோ, அவ்வாறே இங்கு வந்த பிள்ளையை நாம் நடத்துவோமாக. வேலையைக் காட்டுவோம், உடன் நின்று செய்வோம், செய்ததைக் கணக்கில் எழுதுவோம், மறுபடியும் வரச் சொல்லுவோம். அவ்வாறு செய்த ஊரை மாணவர் மறப்பதில்லை. பின்னொரு நாள் அம்மாணவர் வட்டார அலுவலராகவோ மருத்துவராகவோ ஆசிரியராகவோ அமரும்போது, தம் முன் வந்து நிற்கும் உழவரிடத்தில் அவ்வூராரின் முகத்தைக் காண்பர்.